மோட்டாரைக் கடைசியில் பாருங்கள்: வீட்டுப் பட்டறைக்கு டேபிள் சா வாங்கும் வழி

நான் வாங்கிய முதல் டேபிள் சா (மேசை நடுவில் வட்டப் பிளேடு எழும்பி நிற்கும் அறுப்பு மெஷின்), பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் குதிரைத்திறன் போட்டிருந்தது என்ற ஒரே காரணத்துக்காக வாங்கியது. வீட்டில் வைத்து ஒரு பலகையை நெடுக அறுத்தேன், அறுத்த விளிம்பு முழுக்கக் கருகிப் போயிருந்தது. ஏன் என்று அளந்து பார்த்தால், பிளேடின் முன் பல்லிலிருந்து ஃபென்ஸுக்கு (பலகையை ஒட்டித் தள்ளுவதற்கான நேர்ச் சட்டம்) 60 மிமீ, பின் பல்லிலிருந்து 58 மிமீ. சரிசெய்து மறுபடி பூட்டினேன், இந்தத் தடவை 60, 61. மோட்டார் என்னவோ நன்றாகத்தான் ஓடியது, ஃபென்ஸ்தான் பூட்டுகிற ஒவ்வொரு முறையும் தன் இஷ்டத்துக்கு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு போனது. ஆறாவது வாரமோ ஏழாவது வாரமோ, ஒரு துண்டு ஃபென்ஸுக்கும் பிளேடுக்கும் நடுவில் சிக்கி, எகிறி, என் இடுப்பை உரசிக்கொண்டு போய்ச் சுவரில் குழி போட்டது. அந்தக் குழியை இன்னும் பூசவில்லை.

அதனால், நடுத்தர விலையில் வாங்க நினைப்பவர்களுக்கான இந்த வழிகாட்டி வழக்கமான வரிசைக்குத் தலைகீழ். மோட்டார் கடைசிப் பக்கம் வரும். (டேபிள் சாவை, டேபிள் சாவுக்கு என்று வேற்றுமை உருபு சேர்த்து எழுதும்போதெல்லாம் கை கூசுகிறது. இனி பெரும்பாலும் மெஷின் என்றே எழுதுகிறேன்.)

படி 1: எதை அறுக்கப் போகிறீர்கள்?

ஒரு தாளை எடுத்து அடுத்த ஒரு வருடத்தில் உண்மையாகவே செய்யப்போகிற சாமான்களை எழுதுங்கள். ஆசைப்படுவதை அல்ல, செய்யப்போவதை. புத்தக அலமாரி, சின்ன மேசை, பெட்டி, படச்சட்டம் என்று பட்டியல் போனால் உங்களுக்கு வேண்டியது துல்லியமாக நெடுக அறுக்கவும் குறுக்கே அறுக்கவும் ஒரு மெஷின். பட்டியல் முழுக்க வளைவும் மெல்லிய பலகைகளாகப் பிளப்பதுமாக இருந்தால் பட்டை மாதிரி பிளேடு ஓடும் பேண்ட் சா பக்கம் போங்கள். பிளைவுட் தாள்கள் மட்டும்தான் என்றால் தண்டவாளத்தில் ஓடும் டிராக் சாவே போதும், அதற்கு இடமும் தேவையில்லை. இதைச் சொன்னால் சிலருக்கு முகம் சுருங்கும், ஆனால் வாங்கிவிட்டு மூலையில் துணி காயப்போடுவதற்கு அது மேல்.

அடுத்தது அகலம். ஃபென்ஸை பிளேடிலிருந்து எவ்வளவு தூரம் தள்ள முடியும் என்பதுதான் இதில் கணக்கு. 1300 மிமீ வரை போகும், ஃபென்ஸ் ஓடும் நீண்ட தண்டுகளைப் பார்த்து மயங்க வேண்டாம். முழு பிளைவுட் தாள் 2440க்கு 1220 மிமீ. அதை ஒற்றை ஆளாகச் சின்ன மேசை மேல் ஏற்றித் தள்ளுவது வேலையில்லை, மல்யுத்தம். தரையில் கட்டை போட்டு, கையால் பிடிக்கும் சர்க்குலர் சாவால் அளவு கொஞ்சம் கூட வைத்துத் துண்டு போட்டுவிட்டுத்தான் மெஷினுக்குக் கொண்டுவர வேண்டும். 1220இல் பாதி 610. ஃபென்ஸ் அந்த 610 மிமீயைத் தாண்டிப் போனாலே தாளின் நடுவை எட்டிவிடும், அதற்கு அப்பால் அறுக்க வேண்டியதை மறுபக்கத்திலிருந்து அறுக்கலாம். 650 முதல் 760 இருந்தால் வீட்டு வேலைக்குத் தாராளம்.

இடத்தையும் அளந்துவிடுங்கள். மெஷின் நிற்கும் இடத்தை மட்டும் அளப்பது எல்லோரும் செய்யும் தப்பு. 2440 மிமீ பலகையை அறுக்க, முன்னால் அவ்வளவு நீளம், பின்னால் அவ்வளவு நீளம், நடுவில் மெஷின்: ஐந்தரை மீட்டர் ஆகிவிடுகிறது. அவ்வளவு நேர்க்கோட்டு இடம் இல்லாவிட்டால் சக்கரம் வைத்த அடித்தளம் வாங்கி, வேலை நேரத்தில் வாசல் பக்கம் திருப்பிக்கொள்ளலாம்.

படி 2: நாலு ரகத்தில் எது?

முதலாவது, தூக்கிக்கொண்டு போகும் ஜாப்சைட் ரகம். 20 முதல் 45 கிலோ, அலுமினிய மேசை, கார்பன் பிரஷ் வைத்த யுனிவர்சல் மோட்டார். சத்தம் காதைப் பிளக்கும். இரண்டாவது கான்ட்ராக்டர் சா: இண்டக்‌ஷன் மோட்டார் பின்னால் வெளியே தொங்கும், பெல்ட் பிளேடைச் சுழற்றும். மூன்றாவது ஹைப்ரிட்: அதே மாதிரி மோட்டார், ஆனால் மூடிய பெட்டிக்குள், வார்ப்பிரும்பு மேசை, எடை 100 கிலோவுக்கு மேல். நாலாவது கேபினெட் சா: 3 முதல் 5 குதிரைத்திறன், தொழில் செய்கிறவர்களுக்கானது.

நடுத்தர விலை என்று நாம் பேசுவது, நல்ல ஜாப்சைட் மெஷினில் தொடங்கி ஹைப்ரிடில் முடிகிற இடம். என் அபிப்பிராயம் இதுதான்: நிரந்தரமாக ஒரு இடத்தில் நிற்கப்போகிறது என்றால் ஹைப்ரிட், அல்லது நல்ல நிலையில் உள்ள பழைய கான்ட்ராக்டர் சா. வேலை முடிந்ததும் மடித்து ஓரத்தில் வைத்தாக வேண்டும் என்றால் ஜாப்சைட், அதிலும் பல்சக்கரத்தில் ஓடும் ஃபென்ஸ் உள்ளது. இரண்டுக்கும் நடுவில் ஒரு கூட்டம் உண்டு. ஜாப்சைட் மோட்டாரையே தகரக்கால் மேல் உட்காரவைத்து, இரண்டு பக்கமும் மெல்லிய தகட்டு இறக்கை பொருத்தி, பெரிய மெஷின் வேஷம் கட்டி நிற்கும். அந்தப் பக்கமே போக வேண்டாம்.

பிளேடு விட்டம் பற்றி ஒரு வரி. 10 அங்குல (254 மிமீ) பிளேடு நேராக நிற்கும்போது ஏறக்குறைய 80 மிமீ ஆழம் அறுக்கும், 45 பாகையில் சாய்த்தால் 55. 8¼ அங்குல பிளேடு உள்ள சின்ன மெஷின் நேராக 65 மிமீ அறுக்கும். வீட்டு மரச்சாமானுக்கு 65 மிமீயே பெரும்பாலும் போதும். ஆனாலும் 10 அங்குலத்தில்தான் பிளேடு வகைகள் அதிகம் கிடைக்கும் என்பதால் நான் அதையே சொல்வேன்.

படி 3: ஃபென்ஸ், ஃபென்ஸ், ஃபென்ஸ்

மெஷினில் உங்கள் கை தினமும் அதிகம் படுகிற பாகம் இது. அறுப்பு சரியாக வருவதும் வராததும் இதன் கையில்தான் இருக்கிறது.

மலிவான ஃபென்ஸ் முன்னாலும் பின்னாலும் தண்டைக் கவ்வும். எந்த முனை முதலில் கவ்வுகிறதோ அந்தப் பக்கம் கோணிக்கொள்ளும். டி வடிவ ஃபென்ஸ் அப்படியில்லை. முன்னால் மட்டும், அகலமான தலையால், மூலைமட்டம் மாதிரி தண்டில் பதிந்து பூட்டிக்கொள்ளும், பின்முனை சும்மா மிதக்கும். பீஸ்மேயர் என்பவர் பெயரால் அழைக்கப்படும் வடிவம் அது, இன்றைக்கு ஹைப்ரிட் மெஷின்களில் பெரும்பாலும் அதன் நகல்தான் வரும். ஜாப்சைட் மெஷின்களில் டிவால்ட் போன்ற நிறுவனத்தார் பல்சக்கர முறையை வைக்கிறார்கள்: ஒரு திருகைச் சுழற்றினால் முன்முனையும் பின்முனையும் சேர்ந்தே நகரும், அதனால் இணை கெடுவதில்லை. இந்த இரண்டில் ஒன்று இல்லாத மெஷினை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கடையில் நிற்கும்போது இப்படிச் சோதியுங்கள். ஃபென்ஸை மைட்டர் பள்ளத்தின் (மேசையில் பிளேடுக்குப் பக்கத்தில் நெடுக ஓடும் பள்ளம்) ஓரத்துக்குக் கொண்டுபோய்ப் பூட்டுங்கள். முன்னாலும் பின்னாலும் விரல்நுனியால் தடவினாலே வித்தியாசம் தெரியும். திறந்து, தள்ளிவிட்டு, மறுபடி கொண்டுவந்து பூட்டுங்கள். ஐந்து தடவை. ஐந்து தடவையும் ஒரே இடத்தில் நின்றால் நல்ல ஃபென்ஸ். முதல் தடவையே கோணியிருந்தாலும் பரவாயில்லை, திருகைத் திருப்பிச் சரிசெய்துவிடலாம். ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு விதமாகக் கோணுவதைத்தான் சரிசெய்ய வழியே கிடையாது. அப்புறம் பூட்டிய நிலையில் பின்முனையைப் பக்கவாட்டில் கட்டைவிரலால் அழுத்துங்கள். கொஞ்சம் வளையும், எல்லாமே வளையும். கையை எடுத்ததும் பழைய இடத்துக்கே திரும்புகிறதா என்பதுதான் கேள்வி.

கடைக்காரர் பொறுமையிழந்து பார்ப்பார். பார்க்கட்டும்.

படி 4: ரிவிங் நைஃப் இல்லாவிட்டால் வெளியே வந்துவிடுங்கள்

நிமிடத்துக்கு 4000 சுற்றில் ஓடும் 10 அங்குல பிளேடின் பல், நொடிக்கு 53 மீட்டர் வேகத்தில் போகிறது. மணிக்கு 190 கிலோமீட்டர். பிளேடின் முன்பாதிப் பற்கள் மரத்தைக் கீழே அழுத்தி அறுக்கின்றன. பின்பாதிப் பற்களோ கீழிருந்து மேலே எழும்பி உங்களைப் பார்த்து வருகின்றன. அறுபட்ட மரம் உள்ளுக்குள் இருந்த இறுக்கம் விடுபட்டு மூடிக்கொண்டாலோ, ஃபென்ஸ் கோணியிருந்தாலோ, அந்தப் பின்பற்கள் மரத்தைக் கவ்வித் தூக்கி உங்கள் மேல் எறிந்துவிடும். கிக்பேக் என்பது இதைத்தான். என் சுவரில் உள்ள குழியும் இதுதான்.

ரிவிங் நைஃப் என்பது பிளேடுக்குப் பின்னால் ஒட்டி நிற்கும் ஒரு மெல்லிய எஃகுத் தகடு. பிளேடோடு ஏறும், இறங்கும், சாயும். அறுத்த வெட்டு மூடாமலும் மரம் பின்பற்கள் பக்கம் சாயாமலும் பிடித்துக்கொள்ளும். பழைய மெஷின்களில் இருந்த ஸ்பிளிட்டரும் இதே வேலையைச் செய்தது, ஆனால் அது பிளேடோடு ஏறி இறங்காது, மரத்தை முழுக்க அறுக்காமல் பள்ளம் மட்டும் எடுக்கும்போது கழற்ற வேண்டும், கழற்றியவர்கள் திரும்பப் பொருத்தியதாகச் சரித்திரம் கிடையாது. ரிவிங் நைஃப் பள்ளம் எடுக்கும்போதும் அப்படியே இருக்கலாம், பிளேடின் உச்சிக்குக் கொஞ்சம் கீழே இறக்கிவைத்தால் போதும்.

இதில் ஒரு தடிமன் கணக்கு உண்டு. தகடு, பல் போடும் வெட்டின் அகலத்தைவிடச் சற்று மெல்லியதாகவும் பிளேடின் உடலைவிடச் சற்றுத் தடிமனாகவும் இருக்க வேண்டும். சாதாரண பிளேடின் வெட்டு ஒரு நூல், அதாவது 3.2 மிமீ. மெல்லிய வகை 2.4 மிமீ. 3.2க்கான தகட்டோடு மெல்லிய பிளேடைப் போட்டால் மரம் பாதியில் தகட்டில் முட்டி நிற்கும், ஆத்திரத்தில் தகட்டைக் கழற்றி வைப்பீர்கள், அங்கேதான் வினை. தகட்டின் மேலேயே எத்தனை மிமீ பிளேடுக்கு என்று பொறித்திருப்பார்கள், படித்துவிட்டு வாங்குங்கள்.

அது கருவி இல்லாமல் கையாலேயே கழற்றிப் பொருத்த வருகிறதா என்றும் பாருங்கள். பிளேடு மூடியும் அப்படியே. ஸ்பேனர் தேட வேண்டியிருந்தால் மனிதன் சோம்பேறி, போடமாட்டான்.

விரல் பட்டால் நிற்கும் பிளேடு பற்றிக் கேட்பீர்கள். ஸ்டீபன் காஸ் 1999இல் கண்டுபிடித்தது, சாஸ்டாப் என்ற பெயரில் 2004இலிருந்து விற்பனையில் இருக்கிறது. பிளேடில் ஒரு சின்ன மின்சமிக்ஞை ஓடிக்கொண்டே இருக்கும். தோல் பட்டதும் அது மாறும், உடனே ஓர் அலுமினியக் கட்டை பிளேடின் பற்களுக்குள் பாய்ந்து 5 மில்லிநொடிக்குள் நிறுத்திவிடும், பிளேடு மேசைக்குக் கீழே இறங்கிவிடும். ஒரு கீறலோடு போகும். ஆனால் அந்தக் கட்டையும் பெரும்பாலும் பிளேடும் அதோடு சரி, புதிதாக வாங்க வேண்டும். ஈர மரமோ மரத்துக்குள் மறைந்த ஆணியோ கூட அதைத் தட்டிவிடலாம். கையில் காசு எட்டினால் வாங்குங்கள், நான் தடுக்கமாட்டேன். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும், அது கிக்பேக்கைத் தடுப்பதில்லை. ரிவிங் நைஃபின் வேலை வேறு, இதன் வேலை வேறு.

சுவிட்ச்: முழங்காலாலோ தொடையாலோ தட்டி அணைக்கக்கூடிய பெரிய சிவப்புப் பலகை மாதிரி இருக்க வேண்டும். மின்சாரம் போய்த் திரும்ப வந்தால் மெஷின் தானாக ஓடக்கூடாது.

படி 5: மேசை, மைட்டர் பள்ளம், இணை

நேர்விளிம்பு உள்ள எஃகு அளவுகோலை மேசையில் நெடுக்காகவும் குறுக்காகவும் மூலைவிட்டமாகவும் நிறுத்தி, அடியில் வெளிச்சம் தெரிகிறதா பாருங்கள். இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடுகளான ஃபீலர் கேஜ் இருந்தால் இன்னும் நல்லது. பிளேடைச் சுற்றியுள்ள பகுதி மட்டமாக இருந்தால் ஓர இறக்கை கால் மிமீ தாழ்ந்திருப்பதைப் பொருட்படுத்த வேண்டாம். வார்ப்பிரும்பு அசையாது, அதிராது, ஆனால் துருப்பிடிக்கும், மெழுகு தடவிக்கொண்டே இருக்க வேண்டும். அலுமினியம் துருப்பிடிக்காது, ஆனால் காந்தம் ஒட்டாது, காந்தம் வைத்த ஃபெதர்போர்டு (மரத்தை ஃபென்ஸோடு அழுத்திப் பிடிக்கும் சீப்புக் கட்டை) வாங்கிவிட்டு விழிப்பீர்கள்.

மைட்டர் பள்ளம் 19 மிமீ அகலம், 9.5 மிமீ ஆழம் என்ற வழக்கமான அளவில் இருக்கிறதா என்று கட்டாயம் அளங்கள். சில சின்ன மெஷின்களில் சொந்த அளவு வைத்திருப்பார்கள். வெளியில் வாங்கும் எதுவும் பொருந்தாது, கிராஸ்கட் ஸ்லெட் (குறுக்கே அறுக்க மரத்தை ஏற்றிப் பள்ளத்தில் தள்ளும் தட்டு) செய்யக்கூட தண்டை நீங்களே இழைத்துக்கொள்ள வேண்டும். மெஷினோடு வரும் மைட்டர் கேஜ் (பள்ளத்தில் ஓடும் கோண அளவி) எப்படியும் ஆடும், அதை வைத்து மெஷினை எடைபோடாதீர்கள்.

பிளேடு அந்தப் பள்ளத்துக்கு இணையாக இருக்கிறதா என்பதற்கு ஒரு எளிய சோதனை. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஒரு பல்லில் பேனாவால் குறிபோட்டு, அதை முன்னால் வைத்து பள்ளத்திலிருந்து தூரத்தை அளங்கள். அதே பல்லைக் கையால் சுற்றிப் பின்னால் கொண்டுபோய் மறுபடி அளங்கள். ஒரே பல்லை அளப்பதால் பிளேடு லேசாக வளைந்திருந்தாலும் கணக்கு தப்பாது. வித்தியாசம் 0.1 மிமீக்குள் இருந்தால் நல்லது. அதிகமாக இருந்தால் சரிசெய்யும் வழி என்ன என்று கேளுங்கள். சில மெஷின்களில் பிளேடைத் தாங்கும் டிரனியன் மேசையின் அடியில் மாட்டியிருக்கும், குனிந்து படுத்து நட்டைத் தளர்த்த வேண்டும். டிரனியன் பெட்டியில் மாட்டியிருந்தால் மேசையின் நட்டுகளைத் தளர்த்தி மரச்சுத்தியால் ஒரு தட்டு, வேலை முடிந்தது.

பிளேடு எந்தப் பக்கம் சாய்கிறது என்பதையும் கவனியுங்கள். ஃபென்ஸ் வலப்பக்கம், பிளேடு இடப்பக்கம் சாய்வது நல்லது. ஃபென்ஸை நோக்கிச் சாய்ந்தால் அறுபடும் துண்டு நடுவில் சிறைப்பட்டு எகிறப் பார்க்கும்.

படி 6: இப்போது மோட்டார்

ஒரு குதிரைத்திறன் 746 வாட். 120 வோல்ட்டில் 15 ஆம்பியர் எடுக்கும் மெஷின் சுவரிலிருந்து உறிஞ்சுவது அதிகபட்சம் 1800 வாட். ஒரு துளி கூட வீணாகாமல் முழுவதும் வேலையாக மாறினாலும் 2.4 குதிரைத்திறன்தான், நிஜத்தில் ஒன்றரையிலிருந்து இரண்டு. அப்படிப்பட்ட மெஷினின் பெட்டியில் 3, 4 என்று போட்டிருந்தால் அது மோட்டார் மூச்சுமுட்டி நிற்கப்போகிற ஒரு கண நேரக் கணக்கு. 220 முதல் 240 வோல்ட் வீட்டில் இருப்பவர்களும் இதே பெருக்கலைப் போட்டுப் பாருங்கள்: வோல்ட், ஆம்பியர், 746ஆல் வகுத்தல். மோட்டார் மேல் உள்ள விவரத் தகட்டின் ஆம்பியர் பொய் சொல்லாது, பெட்டி சொல்லும்.

வீட்டு வேலைக்கு ஒன்றரை குதிரைத்திறன் இண்டக்‌ஷன் மோட்டாரும் கூர்மையான 24 பல் பிளேடும் சேர்ந்தால் 50 மிமீ கடின மரத்தையும் மெதுவாக அறுத்துவிடும். மெதுவாக என்பதை அழுத்திச் சொல்கிறேன். திணறுகிறது என்று குறை சொல்கிறவர்களில் பலர் மழுங்கிய பிளேடை வைத்துக்கொண்டு மோட்டாரைத் திட்டுகிறவர்கள். மெல்லிய நீட்டிப்பு ஒயரில் மாட்டினாலும் இதே திணறல்தான், வோல்ட் இறங்கி மோட்டார் சூடாகும்.

தூசி

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மரத்தூள் 1995லேயே உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பால் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று முதல் பிரிவில் சேர்க்கப்பட்டது. மூடிய பெட்டியும் 100 மிமீ குழாய்வாயும் உள்ள மெஷின் என்றால் தூசி உறிஞ்சி நன்றாக இழுக்கும். ஜாப்சைட் மெஷின்களில் 64 மிமீ வாய்தான், வேக்யூம் மாட்டலாம், ஆனாலும் பாதி தூள் உங்கள் மேல்தான். எதுவானாலும் முகமூடி.

படி 7: பழையது வாங்குவதானால்

நல்ல பழைய மெஷின் புதிய சுமாரான மெஷினைவிடப் பல மடங்கு மேல். மேல் துரு பயமில்லை, தேய்த்தால் போய்விடும். பயப்பட வேண்டியது வேறு. பெல்ட்டைக் கழற்றி, ஆர்பரைக் (பிளேடு மாட்டும் அச்சு) கையால் சுற்றி, காதை அருகில் வையுங்கள், கரகர என்றால் பேரிங் போயிற்று. ஆர்பரைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள், ஆட்டம் தெரியக்கூடாது. அடியில் டார்ச் அடித்து டிரனியனில் விரிசல் இருக்கிறதா பாருங்கள், வார்ப்பிரும்பு விரிந்தால் கதை முடிந்தது. பிளேடை முழுக்க ஏற்றி இறக்கி, முழுக்கச் சாய்த்துப் பாருங்கள். இறுக்கம் என்றால் அநேகமாகப் பிசினும் தூளும், துடைத்தால் சரியாகும். ரிவிங் நைஃப் தொலைந்திருந்தால், அந்த மாடலுக்குத் தனியாகக் கிடைக்கிறது என்று உறுதிசெய்யும்வரை காசு கொடுக்காதீர்கள். பழைய ஃபென்ஸ் மோசமாக இருந்தால் மட்டும் கவலை வேண்டாம், டி வடிவ ஃபென்ஸ் தனியாகவே விற்கிறது, பேரத்தில் அதன் விலையைக் கழித்துக் கேளுங்கள்.

படி 8: அங்குசத்துக்கும் காசு ஒதுக்குங்கள்

யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்கு அழுகிறவர்கள் இந்தத் தொழிலில் அதிகம். மெஷினோடு வரும் பிளேடு பெரும்பாலும் பேருக்கு ஒரு பிளேடு. நெடுக அறுக்க 24 பல் தட்டைப்பல் பிளேடு ஒன்று, பொதுவேலைக்கு 40 அல்லது 50 பல் ஒன்று, இரண்டே இரண்டு வாங்கி நல்லதாக வாங்குங்கள். பிளைவுட் ஓரம் சிலும்பாமல் வேண்டும் என்றால் பிறகு 60, 80 பல் பார்த்துக்கொள்ளலாம். பிளேடின் நடுத்துளை உங்கள் ஆர்பருக்குப் பொருந்துகிறதா பாருங்கள்: 15.88 மிமீயும் உண்டு, 30 மிமீயும் உண்டு. கை பிளேடருகே போகாமல் மரத்தைத் தள்ள புஷ் ஸ்டிக் ஒன்றுக்கு இரண்டு, புஷ் பிளாக் ஒன்று, காது மூடி, கண்ணாடி. டாடோ பிளேடு (அகலமான பள்ளம் எடுக்கும் பிளேடுக் கூட்டு) கனவு இருந்தால் ஆர்பர் நீளம் போதுமா என்று வாங்கும் முன்பே கேளுங்கள், ஐரோப்பிய மெஷின்களில் பெரும்பாலும் நீளம் போதாது, ஜாப்சைட் மெஷின்கள் பலவும் ஏற்காது.

வீட்டுக்கு வந்த முதல் நாள் மரத்தைத் தொடாதீர்கள். முதலில் பிளேடை மைட்டர் பள்ளத்துக்கு இணையாக்குங்கள், அப்புறம் ஃபென்ஸை அதே பள்ளத்துக்கு. ஃபென்ஸின் பின்முனை ஒரு தலைமுடி அளவு விலகியிருந்தால் குற்றமில்லை, பிளேடை நோக்கி நெருங்கி மட்டும் இருக்கக்கூடாது. அடுத்து 90, 45 பாகை நிறுத்தத் திருகுகளை மூலைமட்டம் வைத்துச் சரிபாருங்கள், ரிவிங் நைஃப் பிளேடின் நேர்க்கோட்டில் நிற்கிறதா என்று ஒரு நேர்விளிம்பை ஒட்டிப் பாருங்கள். அதன் பிறகு ஒரு மட்டமான, நேரான, முடிச்சில்லாத துண்டை எடுத்து, பிளேடின் நேர்க்கோட்டில் நிற்காமல் சற்று இடப்பக்கம் ஒதுங்கி நின்று, முதல் அறுப்பை நெடுக அறுங்கள். அறுத்த விளிம்பு இரண்டு பக்கமும் கருகாமல் வந்தால் மெஷின் தயார். கருகினால், அளக்க ஆரம்பிக்க வேண்டியது ஃபென்ஸிலிருந்துதான்.